ஐந்து மைக் யார் கையில்?

ஹிப்-ஹாப் ரசிகர்கள் இரண்டு பேரை ஓர் அறையில் உட்கார வைத்தால் பத்து நிமிடத்தில் சண்டை வந்துவிடும். நாஸ் பெரியவரா, ஜே-ஸீ பெரியவரா? 'இல்மாட்டிக்' சிறந்த ஆல்பமா, 'ரீசனபிள் டவுட்' சிறந்த ஆல்பமா? ஒருவர் விற்பனைக் கணக்கை எடுத்து வீசுவார். இன்னொருவர், "வித்தா மட்டும் போதுமா, வரியில விஷயம் வேண்டாமா?" என்பார். விடிய விடியப் பேசினாலும் தீர்ப்பு வராது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வேலை இல்லாதவர்களின் அரட்டை. ஆனால் இந்தச் சண்டைக்கு நாற்பது வருடங்களுக்கு மேல் வரலாறு உண்டு. பத்திரிகை ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போனது, வானொலியில் வாக்கெடுப்பு நடந்தது, கோடிக்கணக்கில் வியாபாரம் நடந்தது, கடைசியில் நிஜமான நீதிமன்றத்துக்கே போனது எல்லாம் அந்த வரலாற்றில் இருக்கிறது. அத்தனைக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான். ஒரு ராப் ஆல்பம் நல்லதா இல்லையா என்று சொல்லும் உரிமை யாருக்கு? பட்டிமன்றம் சரி, நடுவர் யார்?

முதல் நடுவர்: கூட்டம்

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில், டி.ஜே. கூல் ஹெர்க் தன் தங்கைக்காக நடத்திய விருந்தைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் ஆல்பமும் இல்லை, விமர்சகரும் இல்லை. எதிரே நிற்கிற கூட்டம் ஆடினால் வெற்றி. ஆடவில்லை என்றால் மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.

1981-இல் ஹார்லெம் வேர்ல்ட் என்ற கிளப்பில் நடந்த ஒரு மோதல் இந்தக் கதையில் முக்கியமானது. பிஸி பீ என்பவர் கூட்டத்தைக் கத்த வைத்து, கைதட்ட வைத்து, சிரிக்க வைப்பதில் கில்லாடி. அவரை எதிர்த்து மேடையேறிய கூல் மோ டீ அந்த வேலையே செய்யவில்லை. பிஸி பீயின் பாணியையே குறி வைத்து, வேகமாகவும் நுணுக்கமாகவும் வரிகளைக் கோத்து அடித்தார். அந்த மோதலின் கேசட் பதிவு கை மாறிக் கை மாறிப் பரவியது. கூட்டத்தைக் குஷிப்படுத்துவது பெரிதா, சொல் திறமை பெரிதா என்று ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். இன்றைக்கு நடக்கும் பெரும்பாலான ராப் சண்டைகளைத் தோண்டிப் பார்த்தால் அடியில் இந்த இரண்டு கட்சிகள்தான் இருக்கும்.

யாரும் எடை போடாத சரக்கு

1980-களின் கடைசியில் ராப் நன்றாக விற்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் மதிப்பு? கிராமி விருதுக்காரர்கள் 1989-இல்தான் முதன்முதலாக ராப்புக்கு ஒரு விருது வைத்தார்கள். அந்த விருதைத் தொலைக்காட்சி ஒளிபரப்பில் காட்டப்போவதில்லை என்றும் முடிவு செய்தார்கள்! விருது வென்ற டி.ஜே. ஜாஸி ஜெஃப், ஃப்ரெஷ் பிரின்ஸ் (பின்னாளில் நடிகர் வில் ஸ்மித்) இருவரும் விழாவையே புறக்கணித்தார்கள். பெரிய பத்திரிகைகளிலும் ராப்பை இசை என்று ஒப்புக்கொள்ளலாமா என்ற கேள்வியே தீரவில்லை. அப்படி இருக்கும்போது இந்த ஆல்பத்துக்கும் அந்த ஆல்பத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் தங்கள் தெருவை, போலீஸை, பசியை, ஆசையைப் பாட்டில் சொல்கிறார்கள். அதில் நல்லது எது, மட்டமானது எது என்று பிரித்துப் பார்க்கக்கூட வெளியே ஆள் இல்லை. எல்லாம் ஒரே இரைச்சல் என்று ஒதுக்கப்படுவதும் ஒரு வகை அவமானம்தானே? சரக்கை எடை போட யாரும் வராதபோது தராசை அவர்களே செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

அப்படி ஒரு தராசு 1988-இல் வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்கள் டேவிட் மேஸ், ஜான் ஷெக்டர் இருவரும் 'தி சோர்ஸ்' என்ற பெயரில் ஒரே ஒரு தாளில் செய்தி மடல் போட்டார்கள். மேஸ் கல்லூரி வானொலியில் ராப் நிகழ்ச்சி நடத்திவந்தார். அந்த நேயர்களுக்காகத் தொடங்கியதுதான் இது. சில வருடங்களில் அது நியூயார்க்கிலிருந்து வரும் முழு மாத இதழாக வளர்ந்தது. அதில் ஆல்பங்களுக்கு நட்சத்திரத்துக்குப் பதிலாக மைக் படம் போட்டு மதிப்பெண் தந்தார்கள். மொத்தம் ஐந்து மைக்.

நம் பழைய கதைகளில் வரும் சங்கப் பலகை மாதிரி அது. தகுதி இல்லாவிட்டால் ஏற இடம் கிடைக்காது. 1990, 1991-இல் டிரைப் கால்ட் குவெஸ்ட், ஐஸ் கியூப், டி லா சோல் போன்ற சிலருக்கு ஐந்து மைக் கிடைத்தது. அதன்பின் அந்த ஐந்து அவ்வளவு சுலபமாக வெளியே வரவில்லை. ரசிகர்கள் கடையில் இதழை வாங்கியதும் முதலில் திருப்பிப் பார்த்தது அந்த விமர்சனப் பக்கத்தைத்தான்.

60,000 பிரதிகளும் 8 லட்சம் பிரதிகளும்

1994 ஏப்ரல் 19 அன்று 'இல்மாட்டிக்' வெளியானது. பாடியவர் நாஸ், வயது இருபது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். நியூயார்க்கின் குயின்ஸ்பிரிட்ஜ் என்ற மிகப்பெரிய அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். ஆல்பத்தின் அட்டையில் அவருடைய சிறுவயது முகம், அதன் பின்னால் அதே தெரு. ஒரு முன்னுரை, ஒன்பது பாட்டு, மொத்தம் நாற்பது நிமிடம்கூட இல்லை. டி.ஜே. பிரீமியர், பீட் ராக், லார்ஜ் புரொஃபசர், கியூ-டிப் என்று அன்றைய பெரிய இசை அமைப்பாளர்கள் ஒரே ஆல்பத்தில் சேர்ந்திருந்தார்கள்.

ஐந்து மைக் கொடுத்தே தீர வேண்டும் என்று ஷெக்டர் இதழுக்குள் வாதாடினார். ஷார்ட்டி என்ற புனைபெயரில் மின்யா ஓ என்ற இளம்பெண் விமர்சனம் எழுதினார். ஐந்து மைக் கிடைத்தது.

கடையில் என்ன நடந்தது? முதல் வாரம் சுமார் 60,000 பிரதிகள்தான். வெளியாகும் முன்பே திருட்டு கேசட் தெருவில் புழங்கியதும் ஒரு காரணம். இதற்குச் சில மாதங்கள் முன்பு, 1993 நவம்பரில், ஸ்னூப் டாகின் 'டாகிஸ்டைல்' முதல் வாரத்திலேயே சுமார் 8 லட்சம் விற்று நேராக முதலிடம் பிடித்திருந்தது. அதற்கு 'தி சோர்ஸ்' கொடுத்தது நான்கு மைக்.

8 லட்சத்துக்கு நான்கு, 60,000-க்கு ஐந்து! கல்லாப்பெட்டியைப் பார்த்துத் தீர்ப்பு எழுதமாட்டோம் என்று அந்த இதழ் சொன்னது போல இருந்தது. அதன் சொல்லுக்கு மதிப்பு வந்தது இதனால்தான்.

ஆனால் மேற்குக் கரை ரசிகர்கள் வேறு மாதிரி பார்த்தார்கள். டாக்டர் டிரேயின் 'தி குரோனிக்' 1992-இல் வந்து ராப்பின் ஓசையையே மாற்றிய ஆல்பம். அதற்கு நாலரை மைக். நியூயார்க்கில் உட்கார்ந்து நடத்தும் பத்திரிகை நியூயார்க் பையனுக்குத்தான் ஐந்து கொடுக்கும் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

தணிக்கையாளரே பங்குதாரர் ஆனால்?

வணிகவியல் படிப்பவர்களுக்குத் தெரியும். ஒரு கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்பவர் அந்தக் கம்பெனியில் பங்கு வைத்திருக்கக் கூடாது. அவர் நேர்மையானவரா இல்லையா என்பது அடுத்த பேச்சு. அவர் கையெழுத்தை யாரும் நம்பமாட்டார்கள் என்பதுதான் முதல் பிரச்சினை.

'தி சோர்ஸ்' இதழில் நடந்தது இதுதான். பாஸ்டன் நகரத்து ராப் குழு ஒன்று டேவிட் மேஸுக்கு மிக நெருக்கம். பெயர் ஆல்மைட்டி ஆர்.எஸ்.ஓ. அதில் பென்ஸினோ என்பவர் முக்கிய ஆள். 1994-இல் அந்தக் குழுவைப் பற்றி ஒரு கட்டுரையை, ஆசிரியர் குழுவுக்கே தெரியாமல், மேஸ் இதழில் சேர்த்து அச்சடித்துவிட்டார். ஐந்து மைக்குக்காக வாதாடிய அதே ஷெக்டரும், ஜேம்ஸ் பெர்னார்டு, ரெஜினால்ட் டென்னிஸ் முதலிய ஆசிரியர்களும் வெளியேறினார்கள். பின்னாளில் பென்ஸினோ இதழின் கூட்டாளியாகவே ஆனார். ஒரு ராப்பர் உரிமையாளராக இருக்கும் இதழ் மற்ற ராப்பர்களுக்கு மதிப்பெண் போடுகிறது!

ஒரு விமர்சன இதழின் உண்மையான சொத்து அச்சு இயந்திரமும் இல்லை, விளம்பர வருமானமும் இல்லை. கணக்குப் புத்தகத்தில் 'நற்பெயர்' என்று எழுதுவார்களே, அதுதான். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. 2005-இல் லில் கிம்மின் 'தி நேக்கட் ட்ரூத்' ஆல்பத்துக்கு ஐந்து மைக் கொடுத்தார்கள். தனியாகப் பாடும் பெண் ராப்பர் ஒருவருக்கு ஐந்து கிடைத்தது அதுவே முதல் முறை. கொண்டாட வேண்டிய செய்திதான். ஆனால் பல ரசிகர்கள் முதலில் கேட்டது, "இதில் யாருக்கு என்ன லாபம்?" என்பதைத்தான். நடுவர் மேல் நம்பிக்கை போனால் பரிசு வாங்குபவருக்கும் அதனால் நஷ்டம். 2006 ஜனவரியில் மேஸும் பென்ஸினோவும் நிர்வாகத்திலிருந்து நீக்கப்பட்டார்கள்.

மேடையில் வாங்கிய கூச்சல்

நடுவர் இடத்தில் ரசிகர்கள் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. 1995 ஆகஸ்ட் 3 அன்று நியூயார்க்கில் சோர்ஸ் விருது விழா நடந்தது. கிழக்குக் கரை, மேற்குக் கரைச் சண்டை உச்சத்தில் இருந்த நேரம். சிறந்த புதுக் குழுவுக்கான விருது அட்லாண்டாவிலிருந்து வந்த அவுட்காஸ்ட் குழுவுக்கு அறிவிக்கப்பட்டதும் அரங்கத்தில் கூச்சல் போட்டார்கள். தெற்கத்திக்காரர்களுக்கு ராப்பில் என்ன வேலை என்ற நினைப்பு. குழுவில் ஒருவரான ஆந்த்ரே மைக்கைப் பிடித்து, தெற்குக்கும் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு இறங்கினார்.

1998-இல் அவர்களுடைய 'அக்வெமினை' அதே இதழில் ஐந்து மைக் வாங்கியது. 2004-இல் அதே குழு கிராமியின் 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' விருதை வாங்கியது. அன்று கூச்சல் போட்டவர்களும் இசை தெரிந்த ரசிகர்கள்தான். பாட்டைக் கேட்கும் முன் ஊர்ப் பெயரைக் கேட்டதுதான் அவர்கள் செய்த தப்பு.

நேயர்களின் ஓட்டு

2001-இல் நடந்த நாஸ், ஜே-ஸீ மோதல்தான் இந்தப் பட்டிமன்றத்தின் பெரிய திருவிழா. ஜே-ஸீயின் முதல் ஆல்பம் 'ரீசனபிள் டவுட்' 1996-இல் வந்தது. பெரிய கம்பெனிகள் ஒப்பந்தம் தராததால் நண்பர்களோடு சேர்ந்து தானே கம்பெனி தொடங்கி வெளியிட்டார். பில்போர்டு பட்டியலில் 23-ஆம் இடம், 'தி சோர்ஸ்' இதழில் நான்கு மைக். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆல்பத்தின் புகழ்பெற்ற பாட்டு ஒன்றில் ஓடும் குரலே நாஸின் பழைய பாட்டிலிருந்து எடுத்ததுதான்!

2001 செப்டம்பர் 11 அன்று வந்த 'தி ப்ளூபிரின்ட்' ஆல்பத்தில் 'டேக்கோவர்' என்ற பாட்டு நாஸை நேரடியாகத் தாக்கியது. அதில் ஜே-ஸீ வைத்த முக்கியமான வாதம் அப்படியே ஒரு ரசிகன் வைக்கும் வாதம். பத்து வருடத்தில் ஒரே ஒரு நல்ல ஆல்பம் கொடுத்தவர் எப்படிப் பெரிய ஆள் ஆவார்? உருப்படியான கேள்விதான். ஒரே ஒரு உச்சத்துக்கு மதிப்பு அதிகமா, வருடா வருடம் தவறாமல் கொடுப்பதற்கு மதிப்பு அதிகமா? டிசம்பரில் நாஸ் 'ஈதர்' என்ற பாட்டில் பதில் சொன்னார். ஜே-ஸீ இன்னொரு பாட்டால் திருப்பி அடித்தார்.

நியூயார்க்கின் ஹாட் 97 வானொலி நேயர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. அதில் நாஸ் ஜெயித்தார். ஒரு வாக்கெடுப்பு சண்டையை முடிக்குமா என்ன? அதே டிசம்பர் மாதம்தான், வெளியாகி ஏழு வருடம் கழித்து, 'இல்மாட்டிக்' பத்து லட்சம் பிரதிக்கான பிளாட்டினம் சான்றிதழைத் தொட்டது. 'தி ப்ளூபிரின்ட்', நாஸின் 'ஸ்டில்மாட்டிக்' இரண்டுக்கும் 'தி சோர்ஸ்' ஐந்து மைக் கொடுத்துவிட்டது. 2005 அக்டோபரில் இருவரும் ஒரே மேடையில் கை கொடுத்துக்கொண்டார்கள். 2006-இல் ஜே-ஸீ தலைவராக இருந்த டெஃப் ஜாம் நிறுவனத்தில் நாஸ் ஒப்பந்தம் போட்டார். சண்டை போட்டவர்கள் சமாதானமாகிவிட்டார்கள், ரசிகர்கள் ஆகவில்லை.

கல்லாப்பெட்டி நடுவரானபோது

1991 வரை அமெரிக்காவில் ஆல்பம் விற்பனைப் பட்டியல் கடைக்காரர்கள் சொல்லும் கணக்கை வைத்துத் தயாரானது. அந்த வருடம் பார்கோடு வழியாக எண்ணும் சவுண்ட்ஸ்கேன் முறை வந்தது. வந்த சில வாரங்களிலேயே என்.டபிள்யூ.ஏ. குழுவின் ஆல்பம் முதலிடம் பிடித்தது. ராப் இவ்வளவு விற்கிறதா என்று எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். மதிக்காதவர்கள் வாயை அடைக்க விற்பனை எண் நல்ல ஆயுதமாகத்தான் இருந்தது.

2007-இல் அந்த எண்ணே நடுவர் நாற்காலியில் ஏறியது. கன்யே வெஸ்ட்டின் 'கிராஜுவேஷன்', 50 சென்ட்டின் 'கர்டிஸ்' இரண்டும் செப்டம்பர் 11 அன்று ஒன்றாக வெளியாயின. கன்யே அதிகம் விற்றால் இனி தனி ஆல்பமே போடமாட்டேன் என்றார் 50 சென்ட். முதல் வாரக் கணக்கு: கன்யே 9,57,000, 50 சென்ட் 6,91,000. தோற்றவர் சொன்னபடி ஒதுங்கவில்லை, 2009-இல் அடுத்த ஆல்பம் போட்டார்.

இதில் யாரும் அதிகம் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. ஒருவர் டெஃப் ஜாம், மற்றவர் இன்டர்ஸ்கோப். இரண்டுமே யுனிவர்சல் மியூசிக் குழுமத்தின் நிறுவனங்கள். யார் ஜெயித்தாலும் பணம் போய்ச் சேர்ந்தது ஒரே வீட்டுக்கு! ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து அடித்துக்கொண்டதே பெரிய விளம்பரம் ஆகிவிட்டது. எது நன்றாக இருக்கிறது என்று கேட்பதை விட்டு எது அதிகம் விற்றது என்று கேட்கும்போது ரசிகன் சம்பளம் வாங்காத விற்பனைப் பிரதிநிதி ஆகிவிடுகிறான்.

காலம் எழுதிய திருத்தங்கள்

நடுவர்கள் இத்தனை பேர் மாறினார்கள். தீர்ப்புகள்? அவையும் மாறின. 'தி குரோனிக்', 'ரீசனபிள் டவுட்' போன்ற ஆல்பங்களுக்கு 'தி சோர்ஸ்' இதழே பின்னாளில் ஐந்து மைக் என்று திருத்தி எழுதியது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று வருடத்துக்கு 25 தேர்ந்தெடுக்கிறது. பதிவாகிக் குறைந்தது பத்து வருடம் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பட்டியலில் 'தி ப்ளூபிரின்ட்' 2019-இலும், 'தி குரோனிக்' 2020-இலும், 'இல்மாட்டிக்' 2021-இலும் அறிவிக்கப்பட்டன. நாஸுக்கு முதல் கிராமி கிடைத்ததும் 2021-இல்தான், 'இல்மாட்டிக்' வந்து 27 வருடம் கழித்து, வேறொரு ஆல்பத்துக்கு.

முதல் வாரம் 60,000 விற்ற ஓர் ஆல்பம் அந்த நூலகம் வரைக்கும் தானாகப் போய்ச் சேரவில்லை. எதற்கெடுத்தாலும் அதை இழுத்து, அதோடு ஒப்பிட்டு, அதுதான் உயர்ந்தது என்று சொல்லி, இல்லை என்பவர்களோடு மல்லுக்கட்டிய ரசிகர்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. மறுத்துப் பேசியவர்களுக்கும் உண்டு. மறுக்க வேண்டுமானால் அவர்களும் அதைத் திரும்பக் கேட்டாக வேண்டுமே.

2024-இல் கென்ட்ரிக் லாமர், டிரேக் மோதல் வந்தபோது எல்லாம் மறுபடி ஒருமுறை ஓடியது. பாட்டுக்குப் பாட்டு பதில், கணக்கு, ஓட்டு, கூச்சல் எல்லாமே. லாமரின் 'நாட் லைக் அஸ்' 2025 பிப்ரவரியில் ஐந்து கிராமி வாங்கியது. இருவரின் பாட்டையும் வெளியிட்டது, பழையபடியே, யுனிவர்சல் குழுமம்தான். அந்தப் பாட்டை வெளியிட்டுப் பரப்பியது அவதூறு என்று டிரேக் தன் சொந்த நிறுவனத்தின் மீதே வழக்குப் போட்டார். 2025 அக்டோபரில் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். இப்படிப்பட்ட ராப் மோதலில் வரும் வசவுகளைக் கேட்பவர்கள் அவற்றை நிரூபிக்கப்பட்ட உண்மையாக அல்ல, கருத்தாகத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பது தீர்ப்பின் சாரம். டிரேக் மேல்முறையீடு செய்தார்.

நிஜ நீதிமன்றமும் யார் சிறந்தவர் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டிய வேலையும் அதற்கு இல்லை. அந்த வேலை 1981-இல் ஹார்லெம் கிளப்பில் நின்ற கூட்டத்தைப் போலக் கேட்பவர்களிடமே இருக்கிறது. அதைச் செய்ய இரண்டே நிபந்தனைகள் போதும். பாடியவர் எந்த ஊர், எவ்வளவு விற்றார் என்பதைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்க வேண்டும். இரண்டு ஆல்பத்தையும் முழுசாகக் கேட்டிருக்க வேண்டும். 'இல்மாட்டிக்' நாற்பது நிமிடம்கூட இல்லை. கேட்டுவிட்டு சண்டைக்கு வாருங்கள்!